இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்கள் போய்விட்டன. மூன்று தடவை நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு எழுத்தும் வராமல் மூடி வைத்திருக்கிறேன். எழுதினால் எங்கள் ஊர்க் காளியம்மனைக் குறைத்துப் பேசியதாக ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இறந்துபோன சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கோவில்பட்டியில் குடும்பம் நடத்துகிறேன். வீட்டுக்காரருக்குச் சைக்கிள் கடை. செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போவதும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

போன ஆடி மாதம் கோயில் வாசலில் ஒரு அம்மாள் என் கையில் மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைத் திணித்தாள். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு ஊமைப் பெண், அதிகாரிகள் முன்னால் நின்றபோது, காளியம்மன் அவள் நாவில் வந்து உட்கார்ந்து பேச வைத்தாளாம். இதை நூறு பிரதி எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு நல்ல சேதி வருமாம். நான் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நாலாவது தடவையாக நோட்டை எடுத்தேன். ஏனென்றால் அந்த ஊமைப் பெண் என் அம்மா.

அம்மாவுக்கு வாய் எப்போதும் நன்றாகவே இருந்தது. ஆட்டை அதட்டினால் அடுத்த புஞ்சை ஆடும் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் ஊர் நாகலாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல். எங்களுக்கு ஏழெட்டு வெள்ளாடும் இரண்டு குறுக்கம் புஞ்சையும் இருந்தன. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்பா இருந்த காலத்திலேயே ஊரில் கடைசியாக விதைக்கிற வீடு எங்களுடையது. அவர் போன பிறகு கடைசிக்கும் கடைசி ஆனோம்.

எங்கள் பக்கத்து விதைப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புரட்டாசியில் மழைக்கு முன்பே, காய்ந்து கிடக்கும் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்பார்கள். மழை விழுந்த மூன்றாம் நாள் முளைத்துவிடும். அந்த நேரத்தில் கையில் விதையும் ஏர் மாட்டுக்காரருக்குக் கூலியும் இல்லாதவர்கள் மழைக்குப் பிறகுதான் விதைக்க வேண்டும். நனைந்த கரிசலில் கால் வைத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். அது காய்ந்து மாடு இறங்குவதற்குள் மற்றவர் பயிர் சாண் உயரம் வந்திருக்கும். நாங்கள் வருடா வருடம் புரட்டாசியில் ஒரு ஆட்டை விற்று, அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் மழையும் வந்துபோய், பிந்தி விதைத்து, பிந்தியதால் பூவோடு கருகி, மறு வருடம் இன்னொரு ஆட்டை விற்போம். ஆடுகளுக்குக்கூட இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புருஷன் இல்லாத ஏழைப் பெண்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் தருகிறது, மணியார்டரில் வீட்டு வாசலுக்கே வரும் என்று சித்தப்பாதான் சொன்னார். அப்பாவின் தம்பி. பக்கத்து வீடு. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்பது அன்றன்றைக்கு அவருடைய மனசைப் பொறுத்தது. அம்மாவுக்கும் எழுதினார். விளாத்திகுளம் போய்க் கொடுத்தார்கள். விசாரணைக்கு ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் ஓடியது, ஆள் வரவில்லை.

அதற்குள் நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாம் வகுப்புக்கு நாகலாபுரம் போக வேண்டும். காலையில் விடிவதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். என் வயதுப் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு அதில் ஏறித் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போவார்கள். ஆள் சேர்க்கிறவர் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்து என் விரல்களைப் பார்த்துவிட்டு, நல்ல நீளமான விரல், வேகமாக அடுக்குவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. சித்தப்பா அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“மதினி, ரெண்டே வழிதான். வைகாசிக்குள்ள மணியார்டர் வந்தா பிள்ளை பள்ளிக்கூடம் போவா. வரலேன்னா வண்டியில போவா. இதுல நீங்களும் நானும் யோசிக்க என்ன இருக்கு?”

அந்தப் பங்குனியில் ஊர்க் கொடை, காளியம்மன் திருவிழா, வந்தது. முளைப்பாரி போடுவார்கள். புருஷன் இல்லாதவள் முளைப்பாரி போடக் கூடாது என்பதால் என் பெயரில் ஒரு சட்டி போட்டோம். அம்மா அம்மனுக்குத் தன் பங்காக என்ன செய்யலாம் என்று பார்த்தாள். எதற்கும் யாராவது ஒருவர் வேண்டாம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு மட்டும் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை. விசாரணைக்கு ஆள் வரட்டும் ஆத்தா, கொடை முடியும்வரை எட்டு நாளும் நான் வாய் திறக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: “ஏட்டி, யார் வந்து கேட்டாலும் விரதம்னு நீயும் சொல்லப்புடாது. சொன்னா பாதி பலன் போயிரும்.”

ஊருக்கு எல்லாம் தெரியும். இப்படி யாராவது ஒருவர் ஒவ்வொரு கொடையிலும் பேசா விரதம் இருப்பதுண்டு. வெளியாளுக்குத்தான் தெரியாது.

ஆறாம் நாள் உச்சி வெயிலில் விசாரணை அதிகாரி வந்தார். டி.வி.எஸ். வண்டியில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தனியாக. கூட வர வேண்டிய தலையாரி கோயிலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். ஊரே அங்கேதான் இருந்தது. வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும். அம்மா அவரைப் பார்த்ததும் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வாங்கிக்கொள்ள வாயில்லை.

அவர் பெயர் கேட்டார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன். புருஷன் இறந்து எத்தனை வருடம் என்றார், அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். நிலம் எவ்வளவு என்றார், அதற்கும் இரண்டு விரல். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏம்மா, பேச வராதா?”

அம்மா கோயில் பக்கம் கையைக் காட்டினாள். அவர் உச்சுக் கொட்டினார். “சாமி விட்ட வழி. என்ன செய்ய.” பிறகு என்னைப் பார்த்து, பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை உருட்டினாள். நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே தெளிந்திருக்கும். பாதி பலன் போய்விடுமே என்று சொல்லவில்லை. மூன்றாவதாகத் தம்பியைப் பார்த்தார். அவன் விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் சித்தப்பா மூச்சு வாங்க ஓடிவந்தார். அதிகாரி அவரைக் கடிந்துகொண்டார். வாய் பேச முடியாத பெண் என்று மனுவில் ஏன் எழுதவில்லை, எழுதியிருந்தால் முன்னாலேயே வந்திருப்பேனே என்றார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதிகாரியின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். மூன்றையும் பார்த்து முடிக்க அவருக்கு ஒரு நொடிதான் ஆனது.

“வெளிய சொல்லக் கூச்சம் சார்” என்றார்.

அதிகாரி, வாய் பேச இயலாதவர், ஆதரவற்றவர், உடனே தரலாம் என்று எழுதிக்கொண்டு போனார். அம்மா சித்தப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச முடிந்திருந்தால் அந்த முதுகில் என்ன விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொடை முடிந்து முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்துவிட்டு வந்த அன்று அம்மா வாய் திறந்தாள். எட்டு நாளைக்கும் சேர்த்துச் சித்தப்பாவைத் திட்டினாள். நாளைக்கே விளாத்திகுளம் போய் எனக்கு வாய் இருக்கிறது என்று சொல்லப் போகிறேன் என்றாள்.

“போங்க. போய்ச் சொல்லுங்க” என்றார் சித்தப்பா. “பொய் மனுன்னு கிழிச்சுப் போடுவாக. பிறகு வண்டிக்காரன்கிட்ட பிள்ளையைத் தூக்கிவிடுங்க. நீங்க ஒரு பொய்யும் சொல்லல மதினி. அவராக் கேட்டாரு, அவரா எழுதினாரு. ஆத்தா பேச்சை அடக்கினதே இதுக்குத்தானோ என்னமோ.”

கடைசி வார்த்தை அம்மாவை நிறுத்திவிட்டது. எழுதினது அப்படியே இருக்கட்டுமா என்று அம்மனிடமே கேட்டுவிடலாம் என்றாள். எங்கள் ஊரில் எதையும் முடிவு செய்ய முடியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். சித்தப்பாதான் பொட்டலம் கட்டினார். எடுத்தது நான். வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா மற்றப் பொட்டலத்தை வேப்பமரத்தடியில் எறிந்துவிட்டுப் போனார். தலையில் வைத்துக்கொள்ளச் செவ்வரளி கிடைக்கும் என்று நான் போய் அதைப் பிரித்தேன். அதிலும் வெள்ளைதான் இருந்தது. பூக்கட்டிப் பார்ப்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, யாரும் கேட்கவில்லை.

வைகாசிக் கடைசியில் முதல் மணியார்டர் வந்தது. இன்றைக்கு அந்தத் தொகையைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் அது மாதம் தவறாமல் வந்தது. அதுதான் பெரிது. ஆடு விற்ற பணம் ஒரு நாள் இருக்கும், கூலிப்பணம் ஒரு பொழுது இருக்கும். இது அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்து வருகிற பணம். அம்மா முதல் தடவையாக அடுத்த மாதத்தைப் பற்றி எங்களிடம் பேசினாள். கடைக்கார அண்ணாச்சி, அதுவரை அம்மாவைக் கண்டால் தராசைத் துடைக்க ஆரம்பிப்பவர், “என்ன வேணும் தங்கச்சி” என்று தலையை நிமிர்த்திக் கேட்டார். தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காரர் வந்து ஹாரன் அடித்தபோது அம்மா வாசலில் நின்று, எம் மக நாகலாபுரம் பஸ்ஸுக்குப் போறா என்றாள். எனக்கு நீல பாவாடை, வெள்ளைச் சட்டை எடுத்தோம். என் நீளமான விரல்கள் வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரே ஒரு தொல்லைதான். ஆபீஸ் ஆள் யார் வந்தாலும் வாய் திறக்காதீர்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். போஸ்ட்மேனும் ஆபீஸ் ஆள். அதனால் அவர் சைக்கிள் கண்மாய்க் கரையில் தெரிந்ததுமே தெருப் பிள்ளைகள் ஓடிவந்து, “அத்தை, வாயை மூடுங்க, வாராரு” என்று கத்தும். ஊரே சேர்ந்து அம்மாவை ஊமையாக்கியது. ஆனால் மணியார்டர் வரும் நாளில் அம்மா காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேசாமலே இருப்பாள், போஸ்ட்மேன் வந்துவிட்டுப் போன பிறகும். நான் அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். போஸ்ட்மேன் ஒவ்வொரு தடவையும் பத்து ரூபாயைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுப்பார். அம்மாவால் என்ன சொல்ல முடியும்.

அந்தப் புரட்டாசியில் நாங்கள் ஆடு விற்கவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உளுந்து விதை வாங்கிப் பானையில் வேப்பிலையோடு சேர்த்து வைத்திருந்தாள். ஏர்க்காரருக்கு முன்பணம் கொடுத்தாள். அவர் நம்பாமல் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஊரிலேயே மூன்றாவதாக எங்கள் புஞ்சையில் ஏர் இறங்கியது. முதல் பிடி விதையை என் கையில் கொடுத்துப் போடச் சொன்னாள். ஒன்பதாம் நாள் மழை. அதற்கப்புறம் நான்கு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டுப் பஸ் இறங்கி வரும்போது, கறுப்புத் தரையில் வரிவரியாகப் பச்சை தெரிந்தது. யாருடையது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்களுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, எங்கள் புஞ்சை அந்த நேரத்தில் பச்சையாக இருந்து நான் பார்த்ததில்லை. தையில் உளுந்து வீட்டுக்கு வந்தபோது படுக்க இடமில்லை. மூட்டைமேல் படுத்தோம்.

டீக்கடையில் பேசினார்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடச் சர்க்கார் சம்பளம், இனி இவ வேலைக்கு வருவாளா என்றார்கள். அம்மா அந்த வருடம்தான் முன்னைவிட அதிகமாக உழைத்தாள். சொந்தப் புஞ்சையில் உழைத்ததால் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் கிழக்குத் தெருப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளும் புருஷன் இல்லாதவள். அம்மாவைவிட மூத்தவள், எங்களைவிட ஏழை. மூன்று வருடமாக மனுப் போடுகிறாள், விசாரணைக்கே வரவில்லை. அடுத்த வாரம் நாகலாபுரத்தில் மனு வாங்கும் முகாம் நடக்கப்போகிறது, அதிலும் நடக்காவிட்டால் இருக்கிற ஒரே ஆட்டையும் விற்க வேண்டியதுதான் என்றாள்.

சித்தப்பா வழக்கம்போல வேடிக்கையாக ஒன்று சொன்னார். “நீயும் வாயை மூடிக்கிட்டு நில்லு மதினி. நம்ம வீட்டுல வந்துச்சுல்லா, உனக்கும் வரும்.”

பெரியம்மா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நானும் பேச மாட்டேன்” என்றாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “எனக்கு ஆத்தா உத்தரவு குடுத்தா அக்கா. உனக்கும் கேட்டுட்டுத்தான் செய்யணும்” என்றாள். பெரியம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அவளே பூப் பறித்து, அவளே இலையில் மடித்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்கிறாளே என்று தோன்றியது.

“எம்மா, ரெண்டுலயும் வெள்ளைதானே வைக்கணும்” என்றேன். “சித்தப்பா கட்டினப்ப ரெண்டுலயும் வெள்ளைதானே இருந்துச்சு.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. பொட்டலங்களைப் பிரித்து, பூவையெல்லாம் சேர்த்து அம்மன் காலில் போட்டாள். வெகு நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பெரியம்மாவிடம், “அக்கா, நீ பேசு. வாயைத் திறந்து கேளு. நானும் கூட வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

முகாம் அன்று பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல். சுற்று ஊர்ச் சனமெல்லாம் மனுவும் கையுமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அதே பள்ளிக்கூடம் என்பதால் நான் நோட்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் நின்றேன். மேடையில் ஒரு பெரிய அதிகாரி அம்மாள். பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அதே விசாரணை அதிகாரி. சித்தப்பாவும் வந்திருந்தார். அம்மா வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. “மதினி, நீங்க பின்னால நில்லுங்க. அந்தாளு கண்ணுல பட்டுராதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெரியம்மாவின் முறை வந்தது. பெயர் கேட்டார்கள். அவளுக்கு அம்மா சொன்னது நினைவில் இல்லையோ, சித்தப்பா சொன்னதுதான் நினைவில் நின்றதோ, இல்லை பயத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டதோ, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கையைக் கையை ஆட்டினாள். விசாரணை அதிகாரி ஊர்ப் பெயரைப் பார்த்தார். மனுவைக் கீழே வைத்தார்.

“உங்க ஊர்ல எத்தனை பேர்தான் ஊமை?”

பந்தலில் சிரித்தார்கள். அதிகாரி மனுவை எடுத்து ஓரமாக ஒதுக்கி வைக்கப் போனார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆட்டை அதட்டுகிற குரல்.

“ஊமை ஒருத்தரும் இல்ல சார். அவிய பயந்து நிக்காக. நான் சொல்லுதேன், எழுதுங்க.”

அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெரியம்மாவின் பெயர், புருஷன் பெயர், அவர் இறந்த மாதம், மனுப் போட்ட தடவைகள், எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னாள். விசாரணை அதிகாரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா கீழே விழுந்தது.

“நீ... வாய் பேசாத பொம்பளைல்லா?”

முன்வரிசையில் இருந்த வேற்றூர்ப் பெண் ஒருத்தி குலவை போட்டாள். “ஆத்தா வாய் குடுத்துட்டா” என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் எழுந்து கும்பிட்டார்கள். ஒரு கிழவர் அம்மாவின் காலைத் தொட வந்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம். அம்மாவின் முழங்கையை இடித்து, “ஆமான்னு சொல்லிருங்க மதினி. ஆமான்னு மட்டும் சொல்லிருங்க” என்றார்.

ஆமாம் என்று சொன்னால் போதும் என்று எனக்கும் தெரிந்தது. பணம் நிற்காது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து இறங்கி வண்டியில் ஏற வேண்டியதில்லை. அதற்கும் மேலே, நாங்கள் அம்மன் வந்த வீடு. நான் மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டேன், ஆமாம் என்று சொல்லட்டும் என்று.

அம்மா சொன்னாள்: “சார், எனக்கு வாய் எப்பவும் இருந்துச்சு. நீங்க வந்தது கொடை நாளு. பேசா விரதம். அதனால நிமிந்து பதில் சொல்ல முடியல. நீங்களா எழுதினதைப் பிறகு நான் வந்து திருத்தல. அது என் தப்பு. பணத்தை நிறுத்துறதுன்னா நிறுத்திக்கிடுங்க. ஆனா அக்கா மனுவை ஒதுக்கி வைக்காதீங்க.”

கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. குலவை போட்டவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவாடையும் சட்டையும் போட்டுக்கொண்டு பந்தலில் நின்று அழுதேன்.

பெரிய அதிகாரி அம்மாள் விசாரணை அதிகாரியிடம் அம்மாவின் ஃபைலை வாங்கிப் புரட்டினார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

“புருஷன் இறந்தது உண்மையா?”

“அது உண்மைதாம்மா.”

“நிலம், ஆடு, பிள்ளைக, நீ எழுதிக் குடுத்ததெல்லாம்?”

“உண்மைதான்.”

“பணம் அதுக்குத்தானேம்மா. வாய் இல்லைங்கிறதுக்கு இல்லையே.” அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “இப்ப நீ சொல்லு” என்றார். பெரியம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அரை மணி நேரம் பேசினாள். நிறுத்தத்தான் கஷ்டமாகிவிட்டது.

சித்திரை முடிவதற்குள் அவளுக்கு மணியார்டர் வந்தது. அவளுடைய ஆடு விற்கப்படாமல் இரண்டு குட்டி போட்டது. எங்களுக்கும் நிற்காமல் வந்தது. முகாமுக்கு அடுத்த மாதம் போஸ்ட்மேன் வந்து, வழக்கம்போல மீதியை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, “பத்து ரூவா குறையுதே அண்ணாச்சி” என்றாள். போஸ்ட்மேன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பத்து ரூபாய் வந்தது. அதற்கப்புறம் எந்த மாதமும் குறையவில்லை. தெருவில் நின்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பு கண்மாய்க் கரைவரை கேட்டிருக்கும். அந்த வருடம் எங்கள் ஊரிலிருந்து இன்னும் நாலு பெண்கள் மனுப் போட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான். சித்தப்பாவின் எழுத்துப் போல முத்தாக இருக்காது, ஆனால் உள்ளது மட்டும் இருக்கும்.

பூ விஷயத்துக்காகச் சித்தப்பாவை அம்மா திட்டவே இல்லை. அதுதான் அவரை மிகவும் வருத்தியது.

நான் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள் கேட்டேன், போஸ்ட்மேன் போன பிறகும் ஏன்மா விளக்கு வைக்கிறவரை பேசாமல் இருப்பீர்கள் என்று. அம்மா சாதாரணமாகச் சொன்னாள். ஊமை என்று எழுதின காகிதத்துக்குப் பணம் வாங்குகிறோமே, மாதத்தில் ஒரு நாளாவது அதை நிஜமான விரதமாக ஆத்தாளுக்குக் கொடுத்துவிட்டால் பொய் கொஞ்சம் குறையாதா என்று நினைத்தாளாம். ஒரு வருடம் அவள் அப்படி அந்தப் பணத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போஸ்ட்மேனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு அந்தப் பத்து, பதினொரு வயதில் புரியாதது இன்னொன்றும் உண்டு. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தது சித்தப்பாவின் திருட்டுத்தனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மா பேசியிருந்தாலும் பேசாமல் இருந்திருந்தாலும் அந்தப் பணம் அவளுக்கு உரியதுதான். எந்தப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாலும் பதில் வெள்ளைதான். அதை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கே தெரியாது.

படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை யாரிடமாவது சொல்லுங்கள், மணியார்டரோ வேறு எந்த உதவியோ கிடைக்க வேண்டியிருந்தும் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு நிற்கிற யாராவது உங்கள் தெருவிலும் இருப்பார்கள். ஆனால் சொல்லும்போது ஒன்றைக் கூட்ட வேண்டாம், ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். சித்தப்பாவின் பூவையும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் போஸ்ட்மேனின் பத்து ரூபாயையும் விட்டுவிடாதீர்கள். காளியம்மனையும் விட வேண்டாம், விசாரணைக்கு ஆளை அனுப்பியது அவள்தான், அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. மஞ்சள் நோட்டீஸில் இருப்பதை மட்டும் சொல்லாதீர்கள். ஊமை பேசினாள் என்று சொல்லாதீர்கள். பேசத் தெரிந்தவள் பேசினாள் என்று சொல்லுங்கள்.